ராத்தாவின் கேற்றில் உரிந்த பச்சை

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது.

இன்று காலை என் ஜன்னலுக்குக் கீழே, ஒழுங்கையில், ஓட்டோக்காரர் ஒருவர் பின்சில்லடியில் குந்தியிருந்து பிரேக் ஒயில் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த மணம் உனக்கு நினைவிருக்கும். மீனெண்ணெயில் சீனி கரைத்ததுபோல, மூக்கில் ஏறினால் இறங்க மறுக்கும் மணம். ஜன்னலைச் சாத்தப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. உன் மனைவியின் தம்பி நின்றான். கையில் உன் கல்வெட்டு.

இன்னும் அச்சுக்குப் போகாத பிரதி. நீ போய் முப்பத்தோராம் நாள், உன் வீட்டில் சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுக்கப்போகிற புத்தகம். முன்னட்டையில் கோட் போட்ட உன் படம். உள்ளே தேவாரம், உன் வாழ்க்கை வரலாறு, பிறகு நண்பர்களின் நினைவுகள். அதில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே தலைப்பு மட்டும் அடித்திருந்தார்கள்: ‘என்னை மீட்ட நண்பன்.’

“தலைப்பு நாங்களே போட்டிட்டம் அண்ணை. நடுவில நீங்கள் எழுதவேணும். கீழ கையெழுத்தை வையுங்கோ, அதை அப்பிடியே படமெடுத்துப் போடுறம். அப்பதான் சனம் நம்பும்.”

“என்னத்தை நம்ப?”

“அத்தான் உங்களைப் பொலிசிலயிருந்து எடுத்ததைத்தான். அதை விட்டிட்டு வேற என்ன எழுதப்போறியள்?”

தேநீர் குடித்தான். வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் காணும் என்றான். போய்விட்டான்.

ஆகவே எழுதுகிறேன். உன்னைப் பற்றி, உனக்கே. நீ வாசிக்கப்போவதில்லை என்பது எனக்கு வசதி. உயிரோடு இருந்தபோது நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீ அடுத்த பகிடியைத் தொடங்கிவிடுவாய்.

எல்லாம் அந்த நாலு சில்லு மோட்டார் சைக்கிளில் தொடங்கியது. மணலிலும் சேற்றிலும் காட்டிலும் ஓடும், பருத்த ரயர்கள் பூட்டிய வண்டி. கொழும்பில் அப்படி ஒன்றை அதுவரை நாங்கள் இருவரும் கண்டதில்லை. பம்பலப்பிட்டியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரன் நாடு திரும்பும்போது அதை உன் தலையில் கட்டிவிட்டுப் போனான். சிலாபத்துப் பக்கம் உனக்கு இருந்த தென்னந்தோட்டத்து மணலில் ஓடித் திரியலாம் என்று நீ ஆசைப்பட்டாய். நம்பர் பிளேற் கிடையாது, பதிவு கிடையாது, பிரேக்கும் கிடையாது. அதனால்தான் அதை நேரே கொட்டாஞ்சேனையில் இருந்த உன் கடைக்குக் கொண்டு போகாமல் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்து, வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த வீட்டு முற்றத்தில் விட்டோம். வீட்டுக்கார முஸ்லிம் அம்மா, எல்லோருக்கும் ராத்தா, வாசலில் நின்று பார்த்தார். “இதென்ன தம்பி, மாட்டுக்கும் காருக்கும் பொறந்ததா?” என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அடுத்த ஞாயிறு பிரேக் ஒயில் மாற்றினோம். வேறு யாரும் அந்த வண்டியில் கை வைக்கக்கூடாது என்று நீ பிடிவாதம். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது. படங்களைப் பார்த்துத்தான் நான் வேலையை விளங்கிக்கொண்டேன். ஹாண்டிலில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தால், உள்ளே கிடந்தது பல நாள் ஆறிப்போன, பால் விடாத பிளேன் ரீயின் நிறத்தில் இருந்தது. நல்ல ஒயில் தேன் நிறம். கடற்காற்றில் ஈரத்தைக் குடித்துக் குடித்து இப்படி ஆகிவிடும் என்று நான் சொன்னேன். “உன்னைப் போல” என்றாய்.

பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தோம். புதியதை ஊற்றினோம். பிறகு குழாய்க்குள் நின்ற காற்றை வெளியே எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நீ சீற்றில் ஏறியிருந்து பிரேக் லீவரைப் பிடித்தாய். நான் தூரத்துச் சில்லடியில் குந்தி, காற்றை எடுக்கும் நிப்பிளில் ஒரு சேலைன் ரியூப்பை மாட்டி, மறுமுனையை ஒயில் ஊற்றிய போத்திலுக்குள் அமிழ்த்தி வைத்தேன். உள்ளே போவதைப் பார்க்கக்கூடிய தெளிவான குழாய் வேறெங்கும் கிடைக்கவில்லை; சேலைன் ரியூப் உன் யோசனை. உனக்குத் தெரிந்த மருந்துக்கடையில் நீயே வாங்கி வந்தாய்.

“பிடி.”

“பிடிச்சிட்டன்.”

நான் ஸ்பனரால் நிப்பிளைத் திறப்பேன். ஒயிலும் குமிழிகளும் ரியூப் வழியே போகும். மறுபடி பூட்டுவேன். “விடு.” அதன் பிறகுதான் நீ லீவரை விடவேண்டும். நான் பூட்டுவதற்கு முன் நீ விட்டால், வெளியே போன காற்று அத்தனையும் திரும்ப உள்ளே ஏறிவிடும். வேலையின் முழுச் சூட்சுமமும் அவ்வளவுதான்: மற்றவன் சொல்லும் வரை விடாமல் இருப்பது.

உன்னால் அது முடியவில்லை. ஒழுங்கையில் யாரோ தெரிந்தவர் போனார். “என்ன மாஸ்ரர், எங்கால?” என்று கையை உயர்த்தினாய். லீவரைப் பிடித்திருந்த அதே கையை. என் கண்ணுக்கு முன்னால் ஒரு பெரிய குமிழி ரியூப்பில் பின்னோக்கி ஓடிப்போய்ச் சில்லுக்குள் புகுந்தது.

“டேய், நான் விடச் சொன்னனானே?”

“ஒரு குமிழிதானே மச்சான். குமிழியால ஆர் செத்தது?”

இன்னொரு முறையும் அப்படிச் செய்தாய். பிறகு வெயில் ஏறிவிட்டது, பசிக்கிறது, காணும் என்று இறங்கிவிட்டாய். சிரிஞ்சில் மிஞ்சியிருந்த பழைய ஒயிலை என்னைப் பார்த்துப் பீச்சினாய். நான் விலகினேன். அது ராத்தாவின் வாசல் கேற்றில் போய் அடித்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவு, பெயின்ற்றைத் தின்றுவிடும் என்று நான் கத்தினேன். நீ கழுவவில்லை. நான் சாமான்களை ஒதுக்கிவிட்டு வாளியோடு போனபோது பச்சைப் பெயின்ற் சுருண்டு தோல்போல உரிந்துகொண்டிருந்தது.

ராத்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார். “இது பெருநாளைக்கு அடிச்ச பெயின்ட்!”

“வாற கிழமை நானே அடிச்சுத் தாறன் ராத்தா. புதுக் கேற்றைவிட வடிவா இருக்கும்.”

அந்தக் கிழமை வரவேயில்லை. வண்டி லொறியில் ஏறி உன் கொட்டாஞ்சேனைக் கடையின் பின் ஸ்ரோருக்குப் போனது. ரியூப்பும் போத்திலும் சிரிஞ்சும் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ராத்தா மட்டும் ஒவ்வொரு முறை கேற்றைத் திறக்கும்போதும் என்னைப் பார்த்துச் சொல்வார்: “ஒங்கட கூட்டாளிக்கிட்ட செல்லுங்க தம்பி, நான் மறக்கல்ல செல்லி.”

பிறகு ஒரு ஞாயிறு காலை, ராத்தாவின் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தாய்.

“லீவர் திரும்பவும் பஞ்சு மாதிரிப் போச்சடா. ஹாண்டிலோட ஒட்டுது. பின்னேரம் தோட்டத்துக்கு லொறி போகுது, அதுக்கு முன்னம் செய்துபோட வேணும். அந்த ரியூப்பையும் போத்திலையும் எடுத்துக்கொண்டு வா.”

“செக்பொயின்ற்றில பாத்தால் என்ன சொல்ல?”

“என்ரை பேரைச் சொல்லு. கொட்டாஞ்சேனையில என்னைத் தெரியாத பொலிஸ்காரன் இருக்கிறானே?”

இந்த இடத்தை உன் கல்வெட்டில் எழுதுவார்களா? ஒரு தமிழன், இரண்டு மூன்று கிழமைக்கு முன்னர் குண்டு வெடித்த நகரத்தில், ஒரு பைக்குள் சேலைன் ரியூப்பும் சிரிஞ்சும் கறுத்த திரவம் நிறைந்த போத்திலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். ஏன் ஏறினான்? நீ வரச் சொன்னாய், ஏறினான். நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். அடையாள அட்டையைக் கவனமாகச் சட்டைப் பைக்குள் வைப்போம். இன்ன வீட்டில் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவை மடித்து மணிபேர்சுக்குள் வைப்போம். பத்திரங்கள் சரியாக இருந்தால் கையில் இருப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்புவோம்.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய் இரண்டடி பின்னால் போனான்.

“மே மொனவத?”

இது என்ன என்று கேட்டான். பிரேக் ஒயில் என்றேன். எந்த வாகனத்துக்கு? நாலு சில்லு பைக்குக்கு. சிப்பாய் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். பைக்குக்கு இரண்டு சில்லு, ஓட்டோவுக்கு மூன்று, காருக்கு நாலு. நாலு சில்லு பைக் என்று ஒன்று அவர்களுடைய உலகத்தில் இல்லை. “பைக் எக கோ?” என்றான். எங்கே அந்த பைக்? நான் உன் பெயரைச் சொன்னேன். நீ சொல்லச் சொன்னபடியே, முழுப் பெயரையும், கடையின் பெயரையும், தெருவையும்.

பின்னேரம் என்னை ஜீப்பில் ஏற்றி உன் கடைக்குக் கொண்டு வந்தார்கள். நீ செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றாய். என்னைக் கண்டதும் உன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று கேட்டார்.

“கடேட எனவா மாத்தயா, படு கன்ன” என்றாய். கடைக்கு வருவான் ஐயா, சாமான் வாங்க. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவன், உன் கலியாணத்தில் உனக்குப் பக்கத்தில் நின்றவன், கடைக்குச் சாமான் வாங்க வருகிறவன் ஆனான்.

“பைக்?”

“மொன பைக் எகக்த, மாத்தயா?” என்ன பைக் என்று நீ கேட்டாய். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

ஸ்ரோரைத் திறந்து காட்டினாய். நான் வாசலில் நின்றே பார்த்தேன். மூட்டைகள் இருந்தன. நடுவில் ஒரு வெற்றிடம். சீமெந்துத் தரை அந்த இடத்தில் மட்டும் ஈரமாக இருந்தது. என்னைப் பிடித்த செய்தி எனக்கு முன்னமே உன்னிடம் வந்திருக்கிறது. வண்டி லொறியில் தென்னம் மட்டைகளுக்குக் கீழே போய்விட்டது. சிந்திய ஒயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தாய். ராத்தாவின் முற்றத்தில் நான் கத்தியதை நீ கேட்டுத்தான் இருக்கிறாய்.

பிறகு பொலிஸ் நிலையத்தில் அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்: பைக் இல்லாதவனுக்கு பிரேக் ஒயில் எதற்கு? அங்கே நடந்ததை இங்கே எழுதமாட்டேன். என் இடது காதுக்கு அது தெரியும். பேசுகிறவர்களின் வலப்பக்கத்தில் நான் உட்காருவதில்லை என்பதை நீ கவனித்திருப்பாய், காரணம் கேட்டதில்லை.

என்னை வெளியே எடுத்தது யார் என்று இப்போது சொல்கிறேன். உன் மைத்துனன் கேட்ட பக்கம் இதுதான்.

ராத்தா வந்தார். ஒவ்வொரு காலையும் வந்து பொலிஸ் நிலையத்து வாங்கில் குந்தியிருந்தாராம். என் பெயர் பதிந்த வீட்டுப் பதிவைக் காட்டினாராம். பதிவு சரி, போத்திலுக்குள் இருப்பது என்ன என்று கேட்டார்களாம். அவ்வளவுதான், அவருக்குக் கேற்றின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் சிங்களத்தில் போட்ட சத்தம் உள்ளே எனக்கே கேட்டது. ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் சொன்னார்.

“நான் மாத்தயாக்கிட்ட சென்னேன், இது பிரேக் ஒயில்தான், என்ட கேட்ட நாசமாக்கினதும் இதேதான் செல்லி. அந்தாள் சிரிக்கிறார். மறுகா சென்னேன், ஒரு சொட்டு இந்த வாங்குல ஊத்திப் பாருங்க. பெயின்ட் கழறாட்டி இந்த மனிசன நீங்களே வெச்சிக்கோங்க. கழண்டா என்ட கையில தாங்க.”

ஊற்றியிருக்கிறார்கள். அரசாங்க நீலப் பெயின்ற் அடித்த வாங்கு. சார்ஜன்ற் தேநீர் குடித்துவிட்டு வந்து விரலால் தடவியபோது, பெயின்ற் சுருண்டு நகத்தோடு வந்ததாம். பிறகு இன்ஸ்பெக்டரும் வந்து தடவிப் பார்த்தாராம். ஒரு வீட்டுக்காரியின் கோபம் இவ்வளவு விவரமாக இருக்கும்போது அது பொய்யாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ராத்தா பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தார். என்னைக் கொடுத்துவிட்டார்கள்.

“ஆனா தம்பி, என்ட கோவம் இன்னம் போகல்ல. பெயின்ட் அடிச்சித் தந்தாத்தான் போகும்.”

அந்தச் சனிக்கிழமை நான் அடித்துக் கொடுத்தேன். காது இரைந்துகொண்டிருந்தது.

நீ ஒரு பை நிறைய அப்பிள் கொண்டு வந்தாய். “என்னடா, உள்ளுக்கை சாப்பாடு எப்பிடி?” நான் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் குரலைத் தாழ்த்தினாய். “மச்சான், எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். பதிவில்லாத வாகனம். நான் ஓம் எண்டிருந்தால் எங்களை ரெண்டு பேரையும் சேத்தெல்லே அடைச்சிருப்பாங்கள்? ஒராள் வெளியில நிண்டால்தானே மற்றாளை எடுக்கலாம்?”

பயம் எனக்கு விளங்கியது. இன்றைக்கும் விளங்குகிறது. அந்தக் கடை வாசலில் உன் இடத்தில் நின்று யார்தான் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அத்தோடு நீ வாயை மூடியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

மூடவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண மண்டபத்தில், பந்தியில், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாய். “இவனை உள்ளுக்குப் போட்டிட்டாங்கள். நான் போய் இன்ஸ்பெக்டருக்கு முன்னால நிண்டு சொன்னன், இவன் என்ரை ஆள், விடுங்கோ எண்டு.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில், பரிமாறுகிறவனிலிருந்து வாசலில் நின்றவன் வரை யார் யாருடைய ஆள் என்று தெரியாத நாட்களில், பதிவில்லாத வண்டியையும் பொலிஸ் நிலையத்தையும் பற்றி நான் என்ன மறுத்துப் பேசுவது? உனக்கு அது தெரியும். அதனால்தான் கூட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துச் சொன்னாய். அடுத்த முறை சொன்னபோது இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று உனக்குக் கதிரை கொடுத்தார். அதற்கடுத்த முறை நீ அமைச்சர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தாய். ராத்தா எந்த முறையும் வரவில்லை.

கதை நடந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன தாய்மார் உன் கடை வாங்கில் வந்து குந்தத் தொடங்கினார்கள். ஒரு நாள் நான் வந்தபோது வன்னியிலிருந்து வந்த ஒரு அம்மா மடியில் மகனுடைய படத்தை வைத்துக்கொண்டு இருந்தார். நீ உள்ளே கல்லாவில் இருந்தாய். அவருக்குத் தேநீர் கொடுத்திருந்தாய். “பாப்பம் அம்மா, பாப்பம்” என்று சொல்லியிருந்தாய். ஒரு கிழமையாக வந்துபோகிறாராம்.

என்னைக் கண்டதும் அவர் எழும்பினார். “நீங்கள்தானே தம்பி அந்தப் பிள்ளை? உங்களை எடுத்தவர் என்ரை பிள்ளையையும் எடுப்பார். உங்களைக் காட்டித்தான் சொன்னவை.”

அன்றைக்குத்தான் விளங்கியது, நான் உன் கடைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகை என்று.

“இஞ்சை இருக்காதேங்கோ அம்மா,” என்றேன். “என்னை எடுத்தது இவரில்லை. என்ரை வீட்டுக்கார ராத்தா. அவ ஒவ்வொரு நாளும் பொலிஸுக்குப் போய்ச் சத்தம் போட்டவ. நீங்களும் அங்கதான் போக வேணும். இண்டைக்கே போங்கோ.”

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவருடைய மகனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு கிழமை அவரை நீ வாங்கில் இருத்தி வைத்திருந்தாய் என்பது மட்டும் தெரியும்.

“ஆக்களுக்கு முன்னால என்னை அவமானப்படுத்திப்போட்டாய்” என்றாய். உன் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

“அவவின்ரை பிள்ளை எங்கையெண்டு போய்க் கேட்டியா?”

“கேட்டால் என்னையும் சேத்துப் பிடிப்பான், விசரா! அந்த மனிசிக்கு ஒரு ஆறுதல் குடுத்தன். அதிலை என்ன பிழை?”

அதுதான் நாம் கடைசியாகக் கதைத்தது. பிறகு நீ நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தாய். நான் செத்தவீட்டுக்கு வந்தேன். எல்லோரும் எனக்கு வழிவிட்டு முன்னுக்கு நிற்க வைத்தார்கள். நீ மீட்ட ஆள் அல்லவா?

மறந்துவிடு, ஆள்தான் போய்விட்டாரே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் நம்புவதில்லை. ராத்தா அந்தக் கேற்றை மறந்திருந்தால் நான் வெளியே வந்திருக்க மாட்டேன். பெயின்ற் உரிந்த இடம், பீச்சிய கை, சொன்ன சாட்டு எல்லாம் ஒன்றும் கூடாமல் ஒன்றும் குறையாமல் அவருடைய கோபத்துக்குள் இருந்தன. அவர் இப்போது தெமட்டகொடையில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய மார்க்கத்தில் கல்வெட்டு அடிக்கும் வழக்கம் இல்லை. என் கோபத்தையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும் இந்தக் காதும்தான். சிலவேளை, சீற்றில் ஏறியிருந்து நீ சிரித்த சிரிப்பும். அதை எறியப் பார்த்தேன், போகவில்லை.

உன் மைத்துனன் இப்போது உன் கடையில் இருக்கிறான். போன கிழமை அந்தப் பக்கம் போனேன். வாங்கில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவன் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தான். “பாப்பம்” என்று சொல்லவும் பழகிவிட்டான். இனிக் கல்வெட்டையும் எடுத்து விரித்துக் காட்டுவான்; இந்தா, அத்தான் எடுத்த ஆளின் கையெழுத்து.

உன் குடும்பத்தை எனக்குத் தெரியும். இந்தப் பக்கங்களை அவர்கள் அச்சடிக்கப்போவதில்லை. ஆனால் கீழே கையெழுத்து இருந்தால், அதை மட்டும் கவனமாக வெட்டியெடுத்து, படமெடுத்து, அவர்கள் போட்ட தலைப்புக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள். நடுவில் எழுதுவதற்கு ஆள் பிடிப்பது கஷ்டமில்லை. பெயரில்லாமல் எழுதுகிறவன் கோழை என்று நீ சொல்வாய். சொல்லு.

உறையில் உன் வீட்டு விலாசம் எழுதியாகிவிட்டது. நாளை காலை வெள்ளவத்தைத் தபாற்கந்தோரில் போடுவேன். கையெழுத்து வைக்கமாட்டேன்.